வீட்டு மெனுடோவில் நாற்றம், ரப்பர் குடல், கசந்த சாறு: எங்கே தவறுகிறது?

நீங்கள் கேட்டது "மெனுடோவுக்கு எந்த மசாலாவை விட்டுவிட்டேன்?" என்று. கூடவே நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் உங்கள் சிக்கல் மசாலாவில் இல்லை. ஹூஸ்டனில் ஞாயிற்றுக்கிழமை காலை மெக்சிகன் கடையில் சாப்பிட்ட சிவப்பு மெனுடோவை, அதாவது மெக்சிகன் மாட்டுக்குடல் சாற்றை, வீட்டில் செய்ய நினைத்து, உறைந்த மாட்டுக்குடல் ஒரு பாக்கெட் வாங்கி, தண்ணீரில் அலசி, மிளகாய்த்தூள், பூண்டு, டப்பா ஹாமினி (சுண்ணாம்பில் வெந்து தோல் நீங்கிய மக்காச்சோளம்) எல்லாவற்றையும் இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரப் பிரஷர் குக்கரில் ஒன்றாகப் போட்டு 30 நிமிடம் வைத்திருக்கிறீர்கள். வீடெல்லாம் நாற்றம், குடல் ரப்பர், சாறு கசப்பு, சோளம் கூழ். நான்கு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு என்றாலும் வேர் ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பானையில் போட்டது. மெனுடோ மூன்று தனிச் சமையல். குடலும் மாட்டுக்காலும் ஒன்று, மிளகாய் விழுது ஒன்று, சோளம் ஒன்று. முதலில் விழுது குடலோடு சேரும், அதன்பின் சோளம். இரண்டும் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியவை. அதற்கு முன்பு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

இணையத்தில் தேடும்போது பிலிப்பைன்ஸ் மெனுடோ குறுக்கே வரும். அது பன்றிக்கறியும் ஈரலும் உருளைக்கிழங்கும் தக்காளிச் சாற்றில் வெந்த வேறு பண்டம். அதன் நேரக்கணக்கை இதில் போட்டால் எதுவும் வேகாது. மெக்சிகோவுக்குள்ளேயும் ஒரே மெனுடோ கிடையாது. சொனோரா, சினலோவா பக்கம் வெள்ளை மெனுடோ: சாற்றில் மிளகாய் சேர்க்காமல் குடல், கால், சோளம் மட்டும் வேகவைத்து, சில்டெபின் என்ற மணி மணியான காட்டு மிளகாயை மேலே நொறுக்கிப் போட்டுக்கொள்வார்கள். சிவாவா போன்ற வட மாநிலங்களிலும் டெக்சாஸிலும் சிவப்பு, சோளத்தோடு. குவாடலஹாரா பக்கம் சோளம் இல்லாமலே பரிமாறுவது வழக்கம். மெக்சிகோ நகரத்தில் இதே வகைச் சாற்றுக்குப் பான்சிட்டா என்று பெயர், எபசோட்டே என்ற காரநெடியுள்ள கீரை அதில் சேரும். நீங்கள் சாப்பிட்டது வடக்கத்திச் சிவப்பு வகையாகத்தான் இருக்கும். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

10 முதல் 12 பேருக்கான அளவு: மாட்டுக்குடல் 2 கிலோ, மாட்டுக்கால் ஒன்று (சுமார் 1 கிலோ, ரம்பத்தில் நான்கைந்து வட்டமாக அறுத்தது), தண்ணீர் 6 லிட்டர், பெரிய வெள்ளை வெங்காயம் ஒன்று, முழுப் பூண்டு ஒன்று, பிரிஞ்சி இலை இரண்டு. விழுதுக்குக் காய்ந்த குவாஹியோ மிளகாய் 8, ஆன்ச்சோ 3, காரத்துக்கு ஆர்போல் 4, பூண்டுப் பல் 5, அரை வெங்காயம், மெக்சிகன் ஆரிகனோ ஒரு மேசைக்கரண்டி. சோளம் 800 கிராம் டப்பா இரண்டு, அல்லது அரை கிலோ காய்ந்த சோளம். உங்கள் இன்ஸ்டன்ட் பாட் 6 குவார்ட் (சுமார் 5.7 லிட்டர்) அளவு என்றால் இதில் பாதிகூடக் கொள்ளாது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதை நிரப்பக் கூடாது. மாட்டுக்காலை விட்டுவிட்டுச் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் கடையில் உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தக் கெட்டித்தன்மை வராது. அது காலின் தோலிலும் தசைநாரிலும் இருந்து இறங்கும் ஜெலட்டின். குடல் மட்டும் அவ்வளவு தராது.

மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை. கடையில் குடல் என்று நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் முதல் இரண்டு. முதல் அறை துண்டுத் துணி மாதிரி சொரசொரப்பாக, கனமாக இருக்கும். மெக்சிகன் கறிக்கடையில் பான்சா என்று கேட்டால் இதைத் தருவார்கள். இரண்டாவது அறை தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றாவது அறை புத்தக ஏடுகள் போல மடிப்பு மடிப்பானது, லிப்ரோ என்பார்கள். தேன்கூடும் பான்சாவும் பாதிக்குப் பாதி எடுப்பது நல்லது. தேன்கூடு மென்மையாகும், சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பான்சா மெல்லுவதற்கு ஏதாவது தரும். லிப்ரோ சீக்கிரம் வேகும், ஆனால் ஏடுகளுக்கு நடுவே அழுக்கு தங்கும், முதல் முறை செய்பவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல். வெட்டும்போது 4 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். வெந்ததும் குடல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். பச்சையாக இருக்கும்போது வாய்க்கு அளவாக வெட்டினால் கடைசியில் கிண்ணத்தில் தேட வேண்டியிருக்கும்.

இனி நாற்றம். முதல் அறை என்பது புல் புளிக்கும் தொட்டி. அங்கே நுண்ணுயிர்கள் உண்டாக்கும் கொழுப்பமிலங்களின் வாடைதான் நீங்கள் முகர்ந்தது. அந்த வாடை குடலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பிலும் மெல்லிய சவ்விலும்தான் அதிகம் தங்குகிறது. வெறும் தண்ணீரில் அலசுவதால் அது போகாது. அமெரிக்கக் கடைகளில் வெள்ளையாக வரும் குடல் ஏற்கெனவே வெந்நீரில் முக்கிச் சுரண்டி வெளுத்தது. பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து வெளுப்பார்கள், அதனால் மேலாக ஒரு மருந்து நெடியும் இருக்கும். இந்த இரண்டு வாடையையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். முதலில் உறைந்த பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து முழுதாக இளக விடுங்கள். பாதி இளகிய குடலில் கொழுப்பைச் சீவ முடியாது. பிறகு குடலைக் கவிழ்த்துப் போட்டு, கொழுப்புத் திட்டுகளையும் தொங்கும் சவ்வையும் கத்தியால் எடுத்துவிடுங்கள். 2 கிலோவுக்கு ஒரு கைப்பிடி அளவு கழிவு வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கல்லுப்பு 3 மேசைக்கரண்டியும் வினிகர் அரைக் கப்பும் போட்டு ஐந்து நிமிடம் துணி துவைப்பது போலத் தேயுங்கள். தண்ணீர் பழுப்பாக, நுரையாக வரும். கழுவி, மூன்று எலுமிச்சையின் சாறு விட்ட குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள்.

அடுத்து, பலரும் விட்டுவிடும் வேலை: முதல் கொதியைக் கொட்டுவது. குடலும் காலும் மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, மூடாமல், கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம் கொதிக்க விட்டு, தண்ணீரை முழுதாகக் கொட்டி, பாத்திரத்தையும் கழுவிவிட்டு, வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலையோடு புதுத் தண்ணீரில் தொடங்குங்கள். ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓட விட்டுச் செய்யுங்கள். ஆவியாகிப் போகும் வாடை போகட்டும். பிரஷர் குக்கரில் நேராகப் போட்டால் அந்த ஆவி உள்ளேயே அடைபட்டுச் சாற்றில் திரும்ப இறங்குகிறது. நீங்கள் மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க அடித்தது அதுதான். அதற்காக மூன்று நான்கு முறை கொதிக்க வைத்துக் கொட்டுகிறவர்களும் உண்டு. அது தேவையில்லை. வெளுத்த குடலுக்கு ஒரு முறை போதும், அதற்கு மேல் போனால் நாற்றத்தோடு சேர்ந்து குடலின் சுவையும் போய், மிளகாய்த் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் துணிதான் மிஞ்சும். நன்றாகச் செய்த மெனுடோவிலும் லேசான குடல் மணம் இருக்கும், இருக்க வேண்டும். இன்னொன்று: துணிக்குப் போடும் பிளீச் சில துளி விட்டால் வாடை போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சாப்பாட்டில் சேர வேண்டிய பொருளே அல்ல.

வெளுக்காத, கறுப்புத் தோலோடு கூடிய குடல் கிடைத்தால் வழி வேறு. அந்தத் தோல் கையில் உரியாது. நம்மூரில் ஆட்டுக்குடலுக்குச் செய்வது போல, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, வெந்நீரில் முக்கிக் கத்தி முதுகால் சுரண்ட வேண்டும். மெக்சிகோவிலும் இதற்குச் சுண்ணாம்புதான். தண்ணீர் கொதிக்கக் கூடாது, 65 முதல் 70 டிகிரி போதும். கொதிநீரில் போட்டால் தோல் வெந்து ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். கறுப்பெல்லாம் போன பிறகு சுண்ணாம்பு வழவழப்பு தீரும் வரை கழுவ வேண்டும், இல்லையென்றால் சாற்றில் சோப்புச் சுவை தட்டும்.

ரப்பர் ஆனதற்குக் காரணம் எளிது, வேகவில்லை. குடலில் இருப்பது மழமழப்பான தசையும் கொலாஜனும். வெந்த முதல் ஒரு மணி நேரத்தில் தசை சுருங்கி, குடல் இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். இந்தக் கட்டத்தில் கடித்துப் பார்த்து "கெட்டுப்போச்சு" என்று அடுப்பை அணைப்பவர்கள் நிறைய. கொலாஜன் ஜெலட்டினாக மாறி நார்கள் பிரிவதற்கு நேரம்தான் மருந்து. திறந்த பானையில் செய்வதென்றால் மாட்டுக்காலை முதலில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடலைச் சேருங்கள், குடலுக்கு மட்டும் 3 முதல் 4 மணி நேரம் ஆகும். தண்ணீர் மேலாக ஒன்றிரண்டு குமிழி விடும் சூடு போதும். தளதளவென்று கொதிக்க விட்டால் சீக்கிரம் வேகும் என்பது தப்புக்கணக்கு. கொழுப்பு சிதறிச் சாற்றில் கலந்து வெளிறிப்போகும், அவ்வளவுதான். நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் குறைந்தால் வெந்நீர் சேருங்கள். சமையல் குறிப்புகளில் நேரம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு மாட்டின் வயது ஒரு காரணம், உயரம் இன்னொன்று. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கிருந்து வரும் குறிப்பில் 5 மணி நேரம் என்று இருந்தால் ஹூஸ்டனில் அவ்வளவு ஆகாது.

குக்கரில் செய்வதில் எந்தக் குறையும் இல்லை, முதல் கொதியைக் கொட்டிய பிறகு என்றால். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த அடுப்புக் குக்கர் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வேலை செய்கிறது, இன்ஸ்டன்ட் பாட் 10 முதல் 12க்குள் நின்றுவிடும். அதனால் குக்கரில் 40 முதல் 45 நிமிடம் என்றால் இன்ஸ்டன்ட் பாட்டில் 55 முதல் 60 நிமிடம் வையுங்கள். விசில் எண்ண வேண்டாம், முதல் விசிலுக்குப் பிறகு தீயைச் சிறிதாக்கி நேரத்தைப் பாருங்கள். மாட்டுக்காலைக் குடலுக்கு 20 நிமிடம் முன்னதாகத் தனியாக ஏற்றுங்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும். வெந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு தேன்கூட்டுத் துண்டை எடுத்துக் கரண்டி ஓரத்தால் அழுத்துங்கள். கரண்டி நழுவினால் இன்னும் நேரம் வேண்டும். லேசான எதிர்ப்போடு வெட்டுப்பட்டால் அதுதான் பதம். அழுத்தாமலே கட்டங்கள் கலைந்து பிரிந்தால் குழைந்துவிட்டது. பான்சாவைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அது எப்போதும் பின்தங்கும்.

கசப்புக்கு வருவோம், இதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். மெனுடோவின் சிவப்பு மிளகாய்த்தூளில் வருவதில்லை. அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பதில் சீரகம், பூண்டுத்தூள், ஆரிகனோ, சிலவற்றில் உப்பும் கலந்திருக்கும். நம் மிளகாய்த்தூளாக இருந்தால் இந்த நிறத்துக்குத் தேவையான அளவு போடுவதற்குள் காரம் தாங்காது. இரண்டுமே குக்கர் அடியில் படிந்து தீய்ந்தால் கசக்கும். குவாஹியோ நிறத்துக்கும் மெல்லிய புளிப்புக்கும், ஆன்ச்சோ கனத்துக்கும் காய்ந்த திராட்சை போன்ற இனிப்புக்கும், ஆர்போல் காரத்துக்கும். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் குவாஹியோ 2,500 முதல் 5,000 வரை, ஆன்ச்சோ 1,000 முதல் 2,000 வரை, ஆர்போல் 15,000 முதல் 30,000 வரை. ஆகவே குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் ஆர்போலை மட்டும் விட்டுவிடுங்கள், நிறமும் மணமும் குறையாது. வாங்கும்போது மிளகாயை மடக்கிப் பாருங்கள். தோல் போல வளைந்தால் புதுசு, பொடிப்பொடியாக உடைந்தால் பழசு. பழசு எப்படி வறுத்தாலும் தூசிச் சுவைதான்.

காம்பையும் விதையையும் நீக்கி, மிளகாயை விரித்து, மிதமான சூட்டில் இருக்கும் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் போட்டு, பக்கத்துக்கு 15 முதல் 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உட்பக்கம் சற்றே வெளிறி மணம் கிளம்பியதும் எடுத்துவிட வேண்டும். புகை தொண்டையைப் பிடித்தால், கறுப்புப் புள்ளி விழுந்தால், அந்த மிளகாயைத் தூக்கிப் போடுங்கள். ஒரே ஒரு கருகிய ஆன்ச்சோ நான்கு லிட்டர் சாற்றைக் கெடுக்கப் போதும், அதன் பிறகு சர்க்கரை போட்டாலும் சரியாகாது. வறுத்ததை வெந்நீரில் 20 நிமிடம் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டுக் குடல் வெந்த சாற்றை விட்டு அரையுங்கள். இனித்தால் அதையே சேர்க்கலாம். பூண்டு, கல்லில் சுட்ட அரை வெங்காயம் சேர்த்து நைசாக அரைத்து, கண்ணான வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடியுங்கள். குவாஹியோவின் தோல் எவ்வளவு அரைத்தாலும் பிளாஸ்டிக் தாள் போலத் துணுக்குகளாக நிற்கும், வடிகட்டாமல் விட்டால் தொண்டையில் ஒட்டும். வடித்த விழுதை இரண்டு மேசைக்கரண்டி பன்றிக்கொழுப்பிலோ எண்ணெயிலோ ஏழெட்டு நிமிடம் கிளறினால் பச்சை வாடை போய், செங்கல் நிறம் கறுஞ்சிவப்பாகி, ஓரத்தில் எண்ணெய் பிரியும். குழம்பு வைக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பதத்தை விளக்க வேண்டியதில்லை. சீரகம் போடுவதா என்பதில் மெக்சிகன் வீடுகளிலேயே ஒத்த கருத்து இல்லை. டெக்சாஸ் பக்கம் போடுவார்கள். போட்டால் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் நம் வீட்டுக் குழம்பின் மணம் வந்துவிடும்.

சோளத்தில் டப்பா ஹாமினி போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டப்பாவின் தண்ணீரைக் கொட்டி, அலசி, கடைசி 30 நிமிடத்தில் மட்டும் சேருங்கள். அது ஏற்கெனவே வெந்தது, அழுத்தத்தில் போட்டதால்தான் உங்களுக்குக் கூழானது. ஆனால் காய்ந்த சோளத்தில் தொடங்கினால் கிடைக்கும் மணம் டப்பாவில் இல்லை. அதற்கு ககவாசின்ட்லே என்ற பெரிய, மாவான வெள்ளைச் சோளம் வேண்டும், போசோலே சோளம் என்று மெக்சிகன் கடையில் கிடைக்கும். சுண்ணாம்பில் வெந்து தோல் நீங்கியே வந்ததா, வெறும் காய்ந்த சோளமா என்று பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். வெறும் சோளம் என்றால் அரை கிலோவுக்கு 2 லிட்டர் தண்ணீரும் 5 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பும், அதாவது சோளத்தின் எடையில் ஒரு சதவீதம். எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். அலுமினியத்தைச் சுண்ணாம்புத் தண்ணீர் அரித்துவிடும். மெல்லச் சூடேற்றி 30 முதல் 40 நிமிடம் வேகவிட்டு, ஒரு மணியை எடுத்து விரலிடையில் உருட்டினால் தோல் மஞ்சளாக, வழவழவென்று கழன்று வர வேண்டும். அடுப்பை அணைத்து இரவு முழுதும் அப்படியே ஊற விட்டு, மறுநாள் தண்ணீர் தெளியும் வரை தேய்த்துக் கழுவுங்கள்.

கழுவிய சோளத்தின் அடி முனையில் ஒரு சிறு பழுப்புக் குமிழ் இருக்கும். அதை நகத்தால் கிள்ளி எடுத்தால்தான் மணி வேகும்போது பூவாக விரியும். அரை கிலோ சோளத்தைக் கிள்ளி முடிக்க நேரம் பிடிக்கும், நான்கு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. கிள்ளாமல் விட்டாலும் சுவையில் குறை வராது, விரிவதுதான் குறையும். பிறகு நல்ல தண்ணீரில் உப்பில்லாமல் 2 முதல் 3 மணி நேரம் தனியாக வேகவைத்து, பாதி மணிகள் விரிந்ததும் குடல் சாற்றில் சேருங்கள். சுண்ணாம்பைத் தவிர்க்கலாமா என்றால், கூடாது. தோல் கழல்வது, அந்த மணம் வருவது, சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைப்பது எல்லாம் அதனால்தான். இங்கே விற்கும் இனிப்புச் சோளமும், பாப்கார்ன் சோளமும் இதற்கு ஆகாது.

சேர்க்கும் நேரத்தில்: குடல் பதமாக வெந்ததும் வெங்காயத்தையும் பூண்டையும் இலையையும் எடுத்துவிடுங்கள். மாட்டுக்காலின் எலும்பை உருவி, தோலையும் நாரையும் சிறிதாக வெட்டித் திரும்பப் போடுங்கள். மேலே நிற்கும் கொழுப்பை முக்கால்வாசி அள்ளிவிடுங்கள், முழுதும் வேண்டாம், மிளகாயின் நிறம் அதில்தான் ஏறி நிற்கும். இப்போது வதக்கிய விழுது, பத்து நிமிடம் கழித்துச் சோளம், ஆரிகனோவை உள்ளங்கையில் கசக்கிப் போட்டு, விழுது சேர்த்ததிலிருந்து மொத்தம் 40 நிமிடம், மூடாமல், சிறு தீயில். உப்பு 30 கிராமில் தொடங்கி ருசி பார்த்து ஏற்றுங்கள். உப்பை முதலிலேயே போட்டால் குடல் வேகாது என்று சொல்வார்கள். அப்படி எதுவும் ஆவதில்லை. ஆனால் 6 லிட்டர் 4 லிட்டராகச் சுண்டும் பானையில் முதலிலேயே போட்ட உப்பு கடைசியில் கரிக்கும். அதனால் பிந்திப் போடும் பழக்கம் சரி, சொல்லும் காரணம்தான் தப்பு. சாறு நீர்த்திருந்தால் சோள மாவு கரைத்து ஊற்ற வேண்டாம், மூடியைத் திறந்து வைத்துச் சுண்ட விடுங்கள்.

மெக்சிகன் ஆரிகனோ பீட்சாவுக்குத் தூவும் ஆரிகனோவின் குடும்பமே அல்ல, இது வெர்பினா குடும்பத்துச் செடி, எலுமிச்சை வாடை கலந்த முரட்டு மணம். கிடைக்காவிட்டால் இத்தாலிய ஆரிகனோவைவிடக் காயவைத்த கற்பூரவல்லி இலை நெருக்கம் என்பது என் கணிப்பு. கரீபியன் தீவுகளில் அந்த இலையை ஆரிகனோ என்றே புழங்குகிறார்கள். அரைப்பங்கு போதும். பரிமாறும்போது பொடியாக நறுக்கிய வெள்ளை வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சைத் துண்டு, கசக்கிய ஆரிகனோ, நொறுக்கிய ஆர்போல் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் மேசைக்குப் போக வேண்டும். இவை அலங்காரத்துக்கு அல்ல. ஜெலட்டின் கனத்த சாற்றை எலுமிச்சைப் புளிப்புதான் வெட்டுகிறது. அது இல்லாமல் சாப்பிட்டுவிட்டு "கடைச் சுவை வரவில்லை" என்று நினைப்பவர்கள் உண்டு. பக்கத்தில் சூடான சோள டோர்ட்டியா, சொனோரா முறை என்றால் பொலியோ (bolillo) என்ற சிறு கோதுமை ரொட்டி.

குடித்த மறுநாள் தலைவலிக்கு இது மருந்து என்று மெக்சிகோவில் சொல்லாத ஆள் கிடையாது. சூடான உப்புச்சாறு வறண்ட உடம்புக்கு இதமாக இருக்கும் என்பதுவரை சரி, அதற்கு மேல் போதை தெளிவிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பண்ணை முதலாளிகள் நல்ல கறியை எடுத்துக்கொண்டு குடலையும் காலையும் கூலியாட்களுக்கு விட்டதால் பிறந்த உணவு என்ற கதையும் அப்படித்தான். இருக்கலாம், ஆனால் ஸ்பெயினில் குடல் சமைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு, மெக்சிகோவுக்கு மாடு வந்ததும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடுதான். சோளமும் மிளகாயும் அந்த மண்ணுக்கு உரியவை என்பதில் மட்டும் சந்தேகமில்லை. யூரிக் அமிலம், கொலஸ்ட்ரால் தொல்லை உள்ளவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், அளவை நான் சொல்வது சரியாக இருக்காது.

மிச்சத்தைப் பானையோடு அடுப்பு மேல் ஆற விடாதீர்கள். அவ்வளவு சாறு நடுவில் ஆற மணிக்கணக்காகும், அதற்குள் கெட்டுவிடும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். மறுநாள் சாறு அல்வா போல உறைந்திருந்தால் காலும் நேரமும் சரியாக இருந்தன என்று எடுத்துக்கொள்ளலாம். நீராகவே இருந்தால் அடுத்த முறை கால் இன்னொன்று சேருங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள், ஃப்ரீசரில் மூன்று மாதம் வைக்கலாம். ஃப்ரீசருக்குப் போவதாக இருந்தால் சோளம் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்துவிட்டு, சூடுபண்ணும் அன்றைக்கு டப்பாச் சோளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் வெங்காயமும் அன்றன்றைக்குப் புதிதாக.